உளுத்த கட்டையும் பச்சைப் பெயின்ட்டும்

பவானியில் தொழில் செய்கிற வக்கீலுக்கு வரப்புத் தகராறு, செக் கேஸ், ஜமக்காள வியாபாரத்தில் நின்றுபோன பாக்கி, இவைதான் அன்றாடச் சோறு. காவிரியும் பவானியும் கூடுகிற ஊர் என்று பெயர்தானே தவிர, படகைப் பற்றிய வழக்குக் கட்டு மேசைக்கு வருவது அபூர்வம். எனக்கு அப்படி ஒன்று வந்தபோது 1986ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தது. இப்போது 2019ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. அந்த வழக்கில் எழுந்த கேள்வி அப்படியேதான் இருக்கிறது: மூடிப் பூசிய இடத்துக்குள் நடந்த வேலை மோசம் என்பதை மன்றத்தில் எப்படிக் காட்டுவது?

பவானிக்கு மேலே மேட்டூர் வரைக்கும் காவிரியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள். ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் மின்சாரம் எடுப்பதற்காகத் தண்ணீரைத் தேக்குகிறார்கள். அதனால் வெயில் காலத்திலும் கதவணைக்கு மேலே ஆழமாகத் தண்ணீர் நிற்கும், படகும் ஓடும். ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டையில் ஏறினால் சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டியில் இறங்கலாம். ஆளோடு டூவீலரையும் ஏற்றிக்கொள்வார்கள். கதவணையைப் பராமரிக்கத் தண்ணீரை வடித்தாலோ, மேட்டூரில் உபரிநீர் திறந்தாலோ படகு நின்றுவிடும்.

என் கட்சிக்காரர் அந்த ஆற்றோரத்தில் ஒரு துறையில் சொந்தப் படகு ஓட்டிப் பிழைக்கிறவர். எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம். அப்பா காலத்தில் பரிசல். இவர் காலத்தில் ஃபைபர் படகு, அதன் பின்னால் அவுட்போர்டு மோட்டார். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. அப்படி ஒரு பழைய படகைக் கடலோர ஊர் ஒன்றில் வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். சில வருடங்கள் ஓடியபின் பின்பக்கம் தளர ஆரம்பித்தது. படகு விற்ற ஊர்ப் பக்கத்திலேயே இருந்த ஃபைபர் பட்டறைக்குச் சொல்லி அனுப்பினார். ஆட்கள் வந்து ஆற்றங்கரையிலேயே கொட்டகை போட்டுத் தங்கி, வேலையை முடித்து, பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு வருடம் கழித்து அதே இடம் மறுபடி ஆடியது.

"ஏனுங்க வக்கீல் சார், ஃபைபர் படகுன்னா உளுக்காதுன்னுதானுங்க எல்லாரும் சொல்றாங்க. அப்பறம் உள்ள எப்படிங்க இந்த நாத்தம் வருது?" என்று கேட்டார். போல்ட்டைக் கழற்றினால் பழுப்புத் தண்ணீர் வடிகிறது என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் இந்த வழக்கை நடத்த முடியாது. ஃபைபர் படகு என்பது கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்த ஓடு. அந்த ஓடு தண்ணீரைத் தடுக்கும். ஆனால் தனியே நின்றால் வளையும். அதனால் உள்ளே மரம் வைக்கிறார்கள். மோட்டார் மாட்டுகிற பின்பலகை, பட்டறைக்காரர்கள் டிரான்சம் என்பது, பெரும்பாலும் இரண்டு 19 மில்லிமீட்டர் பிளைவுட்டை ஒட்டிச் செய்தது. படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் மரச்சட்டங்கள் அதைத் தாங்கும். இவை எல்லாவற்றையும் கண்ணாடி இழை மேட், ரெசின் போட்டு மூடிவிடுவதால் வெளியே பார்க்கிறவருக்கு முழுக்க ஃபைபராகத்தான் தெரியும். மூடிய இடத்தில் ஒரு போல்ட் துளை வழியாகத் தண்ணீர் புகுந்தால் வெளியேற வழி கிடையாது. மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஓடு பளபளப்பாகவே இருக்கும்; உள்ளே கட்டை சகதியாகிவிடும்.

என் முன்னால் அன்றைக்கு மூன்று சிக்கல்கள் இருந்தன. மூன்றும் ஒன்றை ஒன்று இழுத்தன.

படகைத் தொடர்ந்து ஓட்டலாமா என்பது முதலாவது. கூடாது. பாதுகாப்பில்லாத நிலையில் இருக்கும் படகில் கூலிக்கு ஆளேற்றுவது இந்திய தண்டனைச் சட்டம் 282ஆவது பிரிவின்படி குற்றம். இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 284ஆவது பிரிவு. பின்பலகை ஆடுகிறது என்று தெரிந்தபின் ஒரு நாள் ஓட்டினாலும், ஏதாவது நேர்ந்தால் முதலில் கைதாகிறவர் பட்டறைக்காரர் அல்ல, என் கட்சிக்காரர்தான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த செய்தி ஆற்றோரத்து ஆட்கள் யாருக்கும் மறக்கவில்லை. அந்த விபத்தின் காரணம் வேறு. ஆனாலும் அதன் பிறகு படகோட்டியை யாரும் சந்தேகத்தின் பலனோடு பார்ப்பதில்லை.

உடனே பழுது பார்த்துவிடலாமா என்பது இரண்டாவது. அவர் அதைத்தான் விரும்பினார். ஆடி வந்துகொண்டிருந்தது. பதினெட்டாம் பெருக்கை ஒட்டிய நாட்களில்தான் அவருக்கு நாலு காசு கிடைக்கும். ஆனால் உளுத்த கட்டையைத் தோண்டி ஆற்றில் எறிந்துவிட்டுப் புதுக்கட்டை வைத்தால் படகு தேறும், வழக்கு சாகும். 'நாங்கள் போட்டது நல்ல மரம், இவர்தான் பிடுங்கி எறிந்தார்' என்று எதிர்த்தரப்பு சொன்னால் நம்மிடம் காட்ட ஒன்றுமே இருக்காது.

பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தால்? சாட்சி பத்திரமாக இருக்கும். குடும்பம் பட்டினி கிடக்கும். இது மூன்றாவது.

"ஓட்டவும் கூடாதுங்கறீங்க, பிரிக்கவும் கூடாதுங்கறீங்க. அப்ப நான் கரையில ஒக்காந்து ஈ ஓட்டட்டுமுங்களா?" என்று கோபித்துக்கொண்டார். நியாயமான கோபம்தான். "அண்ணா, பிரிக்கலாமுங்க. ஆனா நாம பிரிக்கக் கூடாது. கோர்ட்டு பிரிக்கோணும். அதுவும் அவங்க கண்ணு முன்னால பிரிக்கோணும்" என்று சொன்னேன்.

முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பினோம். குறையைச் சொல்லி, குறிப்பிட்ட நாளுக்குள் வந்து படகைப் பார்வையிடலாம், சரிசெய்தும் தரலாம் என்று எதிர்த்தரப்புக்கு வாய்ப்புக் கொடுத்தோம். இந்த வாய்ப்பைக் கொடுப்பது வெறும் மரியாதைக்காக அல்ல. பின்னால் 'என்னிடம் சொல்லவே இல்லை' என்ற வாதத்துக்குக் கதவை அடைக்கிற வேலை. கட்சிக்காரர் நோட்டீசில் ஒரு விஷயத்தை எழுதச் சொல்லி வற்புறுத்தினார்: மரைன் பிளைக்குப் பணம் வாங்கிக்கொண்டு சாதாப் பிளை போட்டுவிட்டார்கள் என்று. அது அவருடைய உறுதியான நம்பிக்கை. நான் அதை மட்டும் நம்பிக் கட்டை நட மறுத்தேன். 'பயன்படுத்திய பொருளிலோ, செய்த வேலையிலோ, இரண்டிலுமோ குறை உள்ளது' என்றே எழுதினேன். திறந்து பார்க்காத பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வக்கீல் சத்தியம் செய்யக் கூடாது.

பதில் வந்தது. அது ஒரு நல்ல வக்கீல் எழுதிய பதில். படகு வியாபாரத்துக்காக ஓடுகிறது, ஆகவே இவர் நுகர்வோரே அல்ல. பட்டறை இருப்பது வேறு மாவட்டத்தில், ஆகவே ஈரோடு மன்றத்துக்கு அதிகாரம் இல்லை. காட்டப்படும் சீட்டு பில் அல்ல, வெறும் மதிப்பீடு. கடலில் ஓடும் படகுகளுக்கு இதே வேலையைச் செய்திருக்கிறோம், ஒன்றும் கெடவில்லை. கடைசியாக ஒன்று: வேலை முடிந்தபின் இவரே மோட்டாரை இடம் மாற்றி மாட்டப் புதிதாக நான்கு துளைகள் போட்டிருக்கிறார்.

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கட்சிக்காரரைக் கூப்பிட்டேன். "ஆமாங்க, போட்டனுங்க. மோட்டாரு கொஞ்சம் ஒசரமா இருந்துச்சு, எறக்கி மாட்டுனேன்" என்றார். பழைய துளைகளை என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "எம்-சீல் அடைச்சனுங்க. புதுசுக்கு ஒண்ணும் பண்ணலீங்க" என்றார். புகார் மனுவின் நடுப்பகுதியில், ஒளிக்காமல், அந்த நான்கு துளைகளை நாங்களே எழுதினோம். நம் பக்கத்துப் பலவீனத்தை எதிராளி வாயிலிருந்து மன்றம் முதலில் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படும்.

மனுவோடு ஓர் இடைக்கால மனுவும் தாக்கல் செய்தேன். பரிசோதனை இல்லாமல் கண்டுபிடிக்க முடியாத குறையாக இருந்தால் மாதிரியை எடுத்து முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி 1986 சட்டத்தின் 13(1)(சி) பிரிவில் வழி உண்டு. ஆய்வகத்துக்கு 45 நாள் கெடு. ஆனால் படகை ஆய்வகத்துக்குத் தூக்கிப் போக முடியாது. ஆகவே உரிமையியல் வழக்குகளில் உள்ளூர் ஆய்வுக்கு ஆணையரை நியமிக்கிற முறையைப் பின்பற்றி, ஒரு வழக்கறிஞர் ஆணையர் தொழில் தெரிந்த ஒருவரோடு நேரில் வந்து, இரு தரப்பும் நிற்கும்போது படகைத் திறந்து பார்த்து, மாதிரி எடுத்து, படம் பிடித்து அறிக்கை தரட்டும். அது முடிந்த மறுநாளே படகைப் பழுது பார்க்க மனுதாரருக்கு அனுமதி கொடுங்கள் என்று கேட்டேன். பிழைப்பு நின்று கிடக்கிறது என்பதை மன்றம் புரிந்துகொண்டு அனுமதித்தது. நாள் குறித்து எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போனது.

அந்த நாளில் பட்டறை உரிமையாளர் தம் வக்கீலோடு நேரிலேயே வந்துவிட்டார். வராமல் இருந்தால்தான் கவலைப்பட்டிருப்பேன். படகைக் கரையேற்றிப் பழைய லாரி டயர்கள் மேல் வைத்திருந்தார்கள். ஆணையர் ஈரோட்டைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர். அவர் அழைத்து வந்தவர் கடலோரத்தில் பல ஆண்டுகள் ஃபைபர் படகு கட்டிய வயதான தொழிலாளி. இரு தரப்புக்கும் வேண்டியவரும் அல்ல, வேண்டாதவரும் அல்ல. அவர் கையில் ஒரு சின்னச் சுத்தியல், சாக்பீஸ், டிரில் மிஷின், அறுப்பதற்கு ஒரு கிரைண்டர்.

முதலில் பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். நல்ல மரம் இருக்கும் இடத்தில் ஓசை கணீரென்று வந்தது. சில இடங்களில் அடைத்துக்கொண்ட மாதிரி தொப்பென்று விழுந்தது. அந்த இடங்களையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக் குறித்தார். என் கட்சிக்காரர் போட்ட நான்கு துளைகளைச் சுற்றித்தான் முதல் வட்டங்கள் விழுந்தன. எதிர் வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பெரியவர் மெல்லிய டிரில்லால் குத்திப் பார்த்தார். நல்ல இடத்தில் வெளிறிய உலர்ந்த சுருள் வந்தது. துளைகளுக்குப் பக்கத்தில் கறுத்து ஈரமான தூள். ஒவ்வொன்றும் தனித்தனிக் கவரில் போய் முத்திரை வாங்கியது. பின்பலகையின் மேல்பகுதியில் கெடாத ஒரு துண்டையும் ஆய்வகத்துக்காக அறுத்தெடுத்தார்கள்.

"பின்பலகையில கெட்டது கொஞ்சந்தான். இதுக்காக மோட்டாரு இந்த ஆட்டம் ஆடாதே" என்று பெரியவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தளத்தைத் திறக்கச் சொன்னார். தளப்பலகையை எடுத்ததும் அடியில் நீளவாக்கில் ஓடும் நான்கு சட்டங்களும் தெரிந்தன. மேலே புது மேட், பளிச்சென்ற சாம்பல் பூச்சு. தட்டினார். நான்கிலும் தொப்பு ஓசை. துளையே இல்லாத இடத்தில், மோட்டாரிலிருந்து ஆறடி தள்ளியும் அதே ஓசை.

கிரைண்டரால் ஒரு சட்டத்தின் மேலே கோடு கிழித்து, ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினார். புது மேட் ஒரே தோலாகக் கையோடு வந்துவிட்டது. அதற்கு அடியில் பச்சைப் பெயின்ட். படகை வாங்கியபோது உள்பக்கம் முழுக்க அடித்திருந்த பச்சை. அதற்கும் அடியில் பழைய ஃபைபர் உறை, அதற்குள் கறுத்துப் போன பழைய கட்டை. விரலால் அழுத்தினால் உள்ளே போயிற்று.

புதுச் சட்டம் வைத்திருந்தால் அதன் மேல் பழைய பெயின்ட் எப்படி இருக்கும்? அன்றைக்கு யாரும் இதை வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் பட்டறை உரிமையாளர் தாமாகவே பேசினார். "அந்தக் கட்டை அப்ப நல்லாத்தானே சார் இருந்துச்சு. நல்ல கட்டையை எதுக்குப் புடுங்கணும்? மேல ரெண்டு மேட் போட்டா போதும்னு விட்டோம்." அவருடைய வக்கீல் தடுப்பதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது. ஆணையர் அதை அப்படியே குறிப்பில் எழுதினார். கடைசியில் இரு தரப்பும் அதில் கையெழுத்துப் போட்டோம்.

என் கட்டில் இருந்த சீட்டில் பட்டறைக் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'பழைய சட்டம் 4 எடுத்து, புதுச் சட்டம் வைத்து மேட் போட்டது.' எதிரே தொகை. அது பில்லா மதிப்பீடா என்ற சண்டை அந்த நிமிடத்தோடு முக்கியத்துவம் இழந்தது. அதில் கண்ட மொத்தத் தொகையும் வங்கி வழியாகப் போயிருந்தது. சட்டம் மாற்றினோம் என்றால் பெயின்ட் பொய் சொல்கிறது. மாற்றவில்லை என்றால் சீட்டு பொய் சொல்கிறது.

ஆய்வக அறிக்கை பிறகு வந்தது. பின்பலகையில் இருந்தது ஐ.எஸ். 710 தரத்துக்கு உட்பட்ட மரைன் பிளைதான்! கட்சிக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. எதிர்த்தரப்பு அதை வைத்தே வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி வாதாடியது. ஆனால் மனுவில் நாங்கள் பிளையின் மேல் மட்டும் சாய்ந்திருக்கவில்லை. தவிர, மரைன் பிளை கெடவே கெடாது என்று ஊரில் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அந்தத் தரத்தின் கடுமையான சோதனை 72 மணி நேரம் கொதிநீரில் வேகவைப்பது. அது பசை விடாது என்பதற்குச் சான்று. மருந்து ஏற்றிய மரமாகவே இருந்தாலும், திறந்த துளை வழியாக மாதக்கணக்கில் ஈரம் ஏறினால் அந்த இடம் கெடத்தான் செய்யும். துளைகளைச் சுற்றி நடந்தது அதுதான். அந்த அளவுக்குக் குறை என் கட்சிக்காரருடையது.

கடல் படகுகள் கெடவில்லையே என்ற வாதத்துக்குப் பெரியவரே தம் சாட்சியத்தில் பதில் சொன்னார். உப்பில் பூஞ்சை எளிதில் வளராது. மரக்கப்பல் காலத்தில் சட்டங்களுக்கு இடையே கல்லுப்பைக் கொட்டி வைத்ததே அதற்காகத்தான். ஆற்றுநீருக்கும் மழைநீருக்கும் அந்தத் தடை கிடையாது. கடலில் தாக்குப்பிடிக்கிற அரைகுறை வேலை காவிரியில் தாக்குப்பிடிக்காது. பெயின்ட்டைத் தேய்த்து எடுக்காமல் அதன் மேல் மேட் போட்டால் பாலியெஸ்டர் பிடிக்கவே பிடிக்காது, இடையில் தண்ணீர் தங்கும் என்றும் சொன்னார்.

இவர் என்ன படித்திருக்கிறார் என்று குறுக்கே கேட்டார்கள். இந்திய சாட்சியச் சட்டம் 45ஆவது பிரிவு பட்டத்தைக் கேட்கவில்லை. அந்தத் துறையில் தனித் தேர்ச்சியைத்தான் கேட்கிறது. இன்றைய பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது 39ஆவது பிரிவு. சுத்தியல் ஓசையை வைத்து அவர் குறித்த எல்லா வட்டங்களும் அறுத்தபோது சரியாக இருந்தன. இதைவிடப் பெரிய பட்டம் தேவையில்லை என்று வாதிட்டேன்.

என் கட்சிக்காரர் நுகர்வோரா என்ற கேள்விக்கு எனக்குக் கைகொடுத்தது நம் கோயம்புத்தூர் சம்பந்தப்பட்ட ஒரு தீர்ப்பு. லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட், 1995 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவர் தோற்றார். அவர் செய்தது வணிகம் என்று முடிவாயிற்று. ஆனால் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பு ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டது: ஆட்டோவை வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கிறவர் நுகர்வோர்தான். 1993 திருத்தம் சேர்த்த விளக்கத்தின் பொருள் அது. 2002 திருத்தம் அந்த விளக்கத்தைச் சேவைகளுக்கும் நீட்டியது. ஆட்டோவின் இடத்தில் படகைப் போட்டால் என் கட்சிக்காரர் அப்படியே பொருந்துகிறார். சம்பள ஆள் இல்லை, இரண்டாவது படகு இல்லை, ஓட்டுகிறவரும் அவரே. இதைச் சொல்ல அவருடைய நிரூபண வாக்குமூலத்தோடு துறைக்காரர்கள் இருவரின் வாக்குமூலமும் போட்டிருந்தோம்.

அதிகார வரம்பு பற்றிய வாதம் நீடிக்கவில்லை. பட்டறை எங்கே இருந்தாலும் வேலை நடந்தது ஈரோடு மாவட்டத்து ஆற்றங்கரையில். வழக்கு மூலம் அங்கேதான் எழுந்தது.

மன்றம் இரண்டு தலைப்பில் எங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. செய்யாத வேலைக்குப் பணம் வாங்கியது முறையற்ற வணிக நடைமுறை. பெயின்ட் மேல் மேட் போட்டது சேவைக் குறைபாடு. பழுதுக் கூலி முழுவதையும் 9 சதவீத வட்டியோடு திருப்பித் தர வேண்டும். பிழைப்பு நின்ற நாட்களுக்கு நாங்கள் கேட்ட இழப்பீட்டில் ஒரு பகுதியை, அந்த நான்கு துளைகளைக் காரணம் காட்டி, வெட்டியது. பிளை பற்றிய குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்றும் தனியாக எழுதியது. எதிர்த்தரப்பு, அன்றைய சட்டப்படி தீர்ப்புத் தொகையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் குறைந்ததைக் கட்டிவிட்டு, சென்னை மாநில ஆணையத்துக்குப் போனது. அங்கே இழப்பீடு இன்னும் கொஞ்சம் குறைந்தது. மற்றபடி தீர்ப்பு நின்றது.

படகு இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. ஆணையர் பார்த்துச் சென்ற மறுநாளே மன்ற அனுமதியோடு வேலை தொடங்கிவிட்டது. சட்டங்களைச் சுற்றியிருந்த பழைய உறையை அறுத்து, உளுத்த கட்டையை உளியால் சுரண்டி எடுத்தார்கள். ஓட்டின் உள்பக்கத்தைப் பெயின்ட் போய் வெறும் கண்ணாடி இழை தெரியும்வரை தேய்த்தார்கள். ஈரம் முழுக்கப் போகும்வரை வெயிலில் காயவிட்டார்கள். புதுச் சட்டங்களின் எல்லாப் பக்கங்களிலும், தண்ணீர் வடியவிட்ட துளைகளின் உள்விளிம்பிலும் எபாக்சி ஊட்டினார்கள். சட்டம் ஓட்டோடு சேரும் மூலையைக் கெட்டியான எபாக்சிக் கலவையால் வளைவாக நிரப்பி, அதன் மேல் ஒன்றைவிட ஒன்று அகலமாக இழைத்துணியைப் படியவைத்தார்கள். பின்பலகையில் கெட்ட பகுதியை மட்டும் மாற்றினார்கள். போல்ட் துளைகளைப் பெரிதாகத் துளைத்து, எபாக்சியால் முழுக்க அடைத்து, அது இறுகியபின் நடுவில் சரியான அளவுக்கு மறுபடி துளைத்தார்கள். இனி போல்ட் ஓரமாகத் தண்ணீர் கசிந்தாலும் அது மரத்தைத் தொடாது. ஒவ்வொரு நாள் வேலையையும் கட்சிக்காரரின் மகன் செல்போனில் படமெடுத்து வைத்தான். நான் சொல்லித்தான். ஆடிப் பெருக்குக்கு முன் படகு தண்ணீரில் இறங்கியது.

இந்த அனுபவம் படகு வைத்திருப்பவருக்கு மட்டும் உரியதல்ல. தளத்துக்கு அடியில், சுவருக்குள், பூச்சுக்குப் பின்னால் செய்கிற வேலை எதுவானாலும், வீட்டுக் கூரையோ, போர்வெல் மோட்டாரோ, லாரி பாடியோ, இதே சிக்கல்தான் வரும். எனவே படிக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள்.

வேலைச் சீட்டில் 'ரிப்பேர்' என்று ஒற்றைச் சொல் எழுத விடாதீர்கள். எதை எடுத்தார்கள், எதை வைத்தார்கள், எத்தனை என்று எழுதி வாங்குங்கள். என் கட்சிக்காரரைக் காப்பாற்றியது 'பழைய சட்டம் 4 எடுத்து' என்ற அந்த வரிதான். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். மூடுவதற்கு முன் படம் எடுங்கள். எடுத்த பழைய பொருளைக் கேட்டு வாங்கி ஒரு மூலையில் போட்டு வையுங்கள். கொடுக்க மறுத்தால் அதுவே ஒரு தகவல். பிறகு நீங்களாக எதையாவது துளைத்தாலோ மாற்றினாலோ அதைக் குறித்து வையுங்கள், உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

குறை தெரிந்ததும் ஆத்திரத்தில் பிரித்துப் போடாதீர்கள். முதலில் நோட்டீஸ் அனுப்பி எதிராளியைப் பார்க்கக் கூப்பிடுங்கள். புகார் கொடுக்க வழக்கு மூலம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் காலக்கெடு. பழைய சட்டத்திலும் அதுதான், 2019 சட்டத்தின் 69ஆவது பிரிவிலும் அதுதான். இப்போது ஒரு வசதி கூடியிருக்கிறது: 34ஆவது பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் சரி. புகாரோடு சேர்த்து ஆணையர் நியமனம் கேளுங்கள். திறக்கிற வேலையை மன்றம் எதிராளியின் கண்முன் செய்யட்டும். உங்கள் பொருளை அதற்கு மறுநாள் பழுது பார்த்துக்கொள்ளலாம்.